ஒன்பதாம் மாடியில் ஒரு குண்டூசி

மார்ச் 2

தம்பிக்கு,

வாங்கிய வீட்டின் விலை மூன்றில் ஒரு பங்கு விழுந்தால் நான் என்ன செய்வேன் என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது.

விற்றுவிட்டு ஓடுவேனா, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பேனா, மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்னொன்றும் வாங்கிப்போடுவேனா என்று பதில்களையும் நீயே எழுதி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறாய். வாடிக்கையாளர்களிடம் கேட்கும் கேள்வியை அப்படியே எனக்கும் அனுப்பிவிட்டாய் போலிருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறவள் நான். தீப்பிடித்தால் முதலில் நகைப்பெட்டியைத்தான் எடுப்பேன் என்று சொன்னவர்கள் தலையணையைக் கட்டிக்கொண்டு தெருவில் நின்றதைப் படித்திருக்கிறேன். நடக்காத ஒன்றில் நாம் எப்படி நடந்துகொள்வோம் என்று யாருக்கும் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் உன் தொழிலில்தான் இருக்கிறார்கள்.

நீ எழுதியதை நான் புரிந்துகொண்டது இது. அப்பா நம் இருவர் பெயருக்கும் எழுதிவைத்த வீட்டை, கீழே மருந்துக்கடையும் மேலே நானும் இருக்கும் வீட்டை, உன் நிறுவனம் எடுத்துக்கொள்ளும். என் பாதிக்கு, நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் ஒன்பதாம் மாடியில் ஒரு வீடு. அந்த ஒன்பதாம் மாடி இன்னும் ஆகாயத்தில் இருக்கிறது. சரி, உன் பாதிக்கு என்ன? அந்த இடத்தில் மட்டும் உன் எழுத்து சுருங்கிப்போய், "என்னோடதை நான் பணமா வாங்கிக்கிறேன், அது கிடக்கட்டும்" என்று முடிந்துவிட்டது. கிடக்கட்டும் என்று நீ சொல்கிற எதையும் நான் இரண்டாம் முறை படிப்பேன் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உன் போனை எடுக்காதது கோபத்தால் அல்ல. போனில் நீ கத்துகிறாய், நான் வைத்துவிடுகிறேன். கடிதத்தில் இரண்டும் முடியாது.

கையெழுத்துப் போட மாட்டேன்.

அக்கா


மார்ச் 6

அக்கா,

கேட்டது ஒரு கேள்வி. வந்தது ஒரு பிரசங்கம். தலையணை, நகைப்பெட்டி எல்லாம் படித்துச் சிரித்தேன், நன்றாக எழுதுகிறாய். உனக்குப் பதில் தெரியாவிட்டால் நான் சொல்கிறேன். விலை விழுந்தால் நீ விற்கவும் மாட்டாய், வாங்கவும் மாட்டாய். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாய். விலை ஏறினாலும் அதையேதான் செய்வாய். அப்பா உன்னைப் பயந்தாங்கொள்ளி என்றும் என்னைச் சூரன் என்றும் சும்மா கூப்பிடவில்லை.

என் வேலை என்ன என்று உனக்கு இன்னும் புரியவில்லை. நான் வீடு விற்கவில்லை. வருகிற ஆளைப் பார்த்து, இவர் மனசு எவ்வளவு தாங்கும் என்று எடைபோட்டு, அதற்கேற்ற வீட்டைக் காட்டுகிறேன். தாங்குகிறவருக்குக் கட்டுகிற வீடு. விலை குறைவு, பொறுத்திருந்தால் லாபம். தாங்காதவருக்குக் கட்டி முடித்த வீடு. கொஞ்சம் கூடக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இதில் நான் கெட்டிக்காரன் என்று முதலாளியே நாலு பேர் முன்னால் சொல்கிறார்.

உன்னை எடைபோட எனக்குத் தராசு வேண்டுமா? நீயாக எதையும் துணிந்து செய்யமாட்டாய். அதனால் உனக்கும் சேர்த்து நான் துணிகிறேன். ஐம்பது நெருங்குகிறது. மழை வந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக ஓடுகிறாய். ஒன்பதாம் மாடியில் லிஃப்ட் உண்டு, காற்று உண்டு, மேலே ஒழுகினால் கேட்க ஆள் உண்டு. தம்பி நல்லதற்குத்தான் சொல்வான் என்று ஒரு தடவையாவது நினைத்துப் பாரேன்.

இந்த மாதத்துக்குள் முடிய வேண்டும். அதற்குமேல் முதலாளி இந்த விலைக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

செவ்வாய்க்கிழமை உன் விற்பனை அலுவலகத்துக்குப் போனேன். நீ வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். பெயர் கேட்டார்கள், சொல்லவில்லை. வீடு வாங்க வந்திருப்பதாக மட்டும் சொன்னேன்.

சுறுசுறுப்பான பெண்தான், உன் உதவியாளர். நடுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டடத்தின் மாதிரியை வைத்திருக்கிறீர்கள். தெர்மாகோல் சுவர், பச்சைக் கடற்பாசி மரம், நெல்லளவு மனிதர்கள். விற்ற வீட்டுக்கெல்லாம் சிவப்புத் தலைக் குண்டூசி. ஒன்பதாம் மாடி மூலையில் ஒன்று தனியாக நின்றது. அது யாருடையது என்று கேட்டேன்.

"அது எங்க மேனேஜரோட சொந்த அக்கா எடுத்தது மேடம். கூடப் பொறந்தவங்களுக்கே குடுக்கிறார்னா பாத்துக்கோங்க!"

"அந்த அக்கா வந்து பாத்தாங்களா?"

"அவங்க எங்க மேடம்! ரொம்ப பயந்த சுபாவமாம். நிழலைப் பாத்தாலே ஒதுங்குவாங்களாம். அவங்களே எடுத்துட்டாங்கன்னா உங்களுக்கு என்ன யோசனை?"

என்னைப் பற்றி என்னிடமே சொல்லி எனக்கே விற்கப் பார்த்தாள். அவள் மேல் குற்றமில்லை. சொந்தக்காரர்களே வாங்காத வீட்டை ஊரார் வாங்க மாட்டார்கள் என்று உன் முதலாளி வைத்திருக்கும் ஏற்பாட்டையும் அவள்தான் விளக்கினாள். விற்கிற ஒவ்வொருவரும் மாதக் கடைசிக்குள் குடும்பத்தில் ஒருவர் பெயரில் ஊசி குத்தியாக வேண்டுமாம். என் காற்றோட்டத்தில் உனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று இப்போது விளங்குகிறது.

பிறகு சாமான் ஏற்றும் லிஃப்டில் நாலாம் மாடித் தளத்துக்குக் கூட்டிப்போனாள். அதற்குமேல் கட்டடம் இல்லை, கம்பிகள்தான். கைப்பிடிச் சுவரும் இல்லை, ஒரு கயிறு கட்டியிருந்தது. நான் கயிறு வரை போய்க் கீழே பார்த்தேன். நம் வீடு தெரிந்தது. கொடியில் என் சாம்பல் நிறப் போர்வை. திரும்பினால் அந்தப் பெண் தூணோடு ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"உங்களுக்குக் கட்டுற வீடுதான் மேடம் சரி. இங்க கூட்டிட்டு வந்துதான் நாங்க பாப்போம், யாரு ஓரத்துக்குப் போறாங்க, யாரு தூணைப் பிடிச்சுக்கிறாங்கன்னு. எங்க மேனேஜர் கண்டுபிடிச்ச வழி இது."

"உங்க மேனேஜர் எதுவரைக்கும் போவாரு?"

"அவரா?" வாயைப் பொத்திக்கொண்டாள். "அவர் மேல வரவே மாட்டார் மேடம். ரெண்டாம் மாடியிலயே தலை சுத்திடும்."

உயரத்தில் தலை சுற்றாமல் இருப்பது காதுக்குள் இருக்கும் நீரின் சமாச்சாரம், சூரனே. அதை வைத்து யாருக்கு எந்த வீடு என்று தீர்மானிக்கிறாய். ஓரத்தில் போய் நின்றவளுக்குக் கீழே தெரிகிற அந்த ஒரு வீட்டைத் தவிர வேறு ஒன்றும் இல்லை என்பது உன் தராசில் ஏறுமா? மனசு தாங்குவது வேறு, நிலைமை தாங்குவது வேறு. இழப்பீட்டுப் பிரிவில் முதல் வாரத்திலேயே இதைக் கற்றுக்கொள்கிறோம். நெஞ்சழுத்தக்காரர்கள்தான் அதிகம் இழந்துவிட்டு வருகிறார்கள்.

என் பெயரில் குத்திய ஊசியைப் பிடுங்கு.

அக்கா


மார்ச் 14

அக்கா,

வேவு பார்க்கப் போனாயா? என் அலுவலகத்துக்கு, திருட்டுத்தனமாக, பெயரை மறைத்துக்கொண்டு. நேரே வந்து "தம்பி, காட்டு" என்று கேட்டிருந்தால் குடை பிடித்துக் கூட்டிப்போயிருப்பேன். அந்தப் பெண் பாவம், உன்னை நல்ல வாடிக்கையாளர் என்று எழுதிவைத்திருக்கிறாள். யார் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. எனக்கு மானம் இருக்கிறது.

ஊசி ஊசிதான். துணிக்கடைப் பொம்மை காசு கொடுத்தா சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு நிற்கிறது? எல்லாத் தொழிலிலும் கொஞ்சம் அலங்காரம் உண்டு. உன் நிறுவனத்து விளம்பரத்தில் சிரிக்கிற குடும்பத்தில் யாருக்காவது நீங்கள் இழப்பீடு கொடுத்ததுண்டா?

சரி, நீ ஆரம்பித்தாய், நான் முடிக்கிறேன். அப்பா போன மறுவாரம் அவர் கட்டிலை வெளியே எடுக்க அந்த அறை அலமாரியை நகர்த்தியது நான். பின்சுவரில் மேலிருந்து கீழ் வரை விரிசல். நான் பார்த்ததை நீ பார்த்தாய். ஒரு வார்த்தை பேசாமல் அலமாரியைத் திரும்பத் தள்ளிவைத்தாய். துணி மடித்து அடுக்குகிற மாதிரி அவ்வளவு அமைதியாக.

ஊரார் வீட்டு விரிசலையெல்லாம் அளந்து, இவ்வளவுதான் தர முடியும் என்று எழுதுகிறவள் நீ. உன் வீட்டுக்கு ஒரு காப்பீடு இல்லை. ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். எடுத்தால் ஆள் வந்து பார்ப்பான். பார்த்தால் அலமாரியை நகர்த்தச் சொல்வான். உன்னிடம் இருக்கிறதெல்லாம் அந்த ஒரு சுவரில் சாய்ந்து நிற்கிறது. கீழே மருந்துக்கடையில் நாள் முழுக்க ஆட்கள் வந்து போகிறார்கள். இதற்குப் பெயர் ஜாக்கிரதையா? என் வாடிக்கையாளர்களில் எந்தச் சூதாடியும் இவ்வளவு துணிய மாட்டான்.

நீ மனசு, நிலைமை என்று பாடம் எடுக்கிறாய். அலமாரிக்குப் பின்னால் போய் எடு.

தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

அலமாரியைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் பிறகு பேசலாம்.

உன் மனைவி போன் செய்திருந்தாள். நீ சொல்லித்தான் செய்தாளாம், என் மனதை மாற்ற. ஐந்து நிமிடத்தில் மறந்துவிட்டாள். நீ எந்த மாடியில் வாங்கியிருக்கிறாய் என்று நான் சும்மாதான் கேட்டேன்.

"இவரா? வீடா? ஐயோ அண்ணி! கல்யாணமான நாள்லேருந்து வாடகை வீடுதான். கேட்டா, வெலை எறங்கும் பொறுங்கிறார். எறங்கினா, இன்னும் எறங்கும்ங்கிறார். இருக்கிறதையெல்லாம் பேங்க்ல போட்டு வெச்சிருக்கார். அதையும் ரெண்டு பேங்க்ல. ஒண்ணு மூழ்கிப் போனா இன்னொண்ணு இருக்கட்டுமாம்!"

வீடு விற்கிற சூரன் வாடகை வீட்டில் இருக்கிறான். அதில் தவறே இல்லை. உன் சுபாவத்துக்குச் சரியான இடத்தில்தான் உன் பணம் இருக்கிறது. நான் ஆலோசகராக இருந்தாலும் உனக்கு அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் உன் பயத்துக்கு ஏற்றபடி உன் பணத்தை வைத்துக்கொண்டு, உன் பேச்சுக்கு ஏற்றபடி என் வீட்டை வைக்கிறாய் பார், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆகவே ஒன்று சொல்கிறேன். ஒன்பதாம் மாடியில் எனக்குக் காட்டிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டை உன் பங்குக்கு நீ எடுத்துக்கொள். பணம் வேண்டாம், வீடாக. உன் முதலாளி பார்க்க உன் பெயரில் ஒரு ஊசி குத்து. குத்திவிட்டால் நான் மறுபேச்சில்லாமல் வந்து கையெழுத்துப் போடுகிறேன். இதை எழுத்தில் தருகிறேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டிக்கொள்.

குத்த மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது.

அக்கா


மார்ச் 22

அக்கா,

குத்தியாச்சு.

உன் கடிதத்தில் எழுதிக் கொடுத்த பத்தியை மட்டும் முதலாளிக்குப் படித்தே காட்டினேன். "உங்க அக்கா பெரிய ஆளுப்பா" என்றார். ஊசியை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். ஆபீசே கைதட்டியது. ஒன்பதாம் மாடி, உன் பக்கத்து வீடு. சமையலறையிலிருந்து கையை நீட்டினால் உன் ஜன்னல். நினைத்தாலே பயங்கரமாக இருக்கிறது.

இருபத்தேழாம் தேதி காலை வக்கீல் வருவார். உன் எழுத்து என் கையில் இருக்கிறது. வராவிட்டால், அப்பா வைத்த பெயர் உனக்குச் சரிதான் என்று ஊர் முழுக்கச் சொல்வேன்.

பேனா கொண்டு வா. இங்கே இருக்கிற பேனாவெல்லாம் ஒழுகும்.

தம்பி


மார்ச் 26

தம்பிக்கு,

உன் கடிதத்தை நம்பாமல் விற்பனை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அந்தப் பெண்தான் எடுத்தாள். "மேனேஜரே எடுத்துட்டார் மேடம், நீங்க சீக்கிரம் முடிவு பண்ணுங்க" என்றாள்.

நீ குத்த மாட்டாய் என்ற ஒன்றின் மேல் நான் வீட்டை வைத்துவிட்டேன். குத்தினால் என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை. வேறு யாராவது இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் கோப்பின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பேன்.

இதை நாளை உன் கையில் கொடுப்பதாக இருக்கிறேன். கையெழுத்துப் போடுவேனா? அதுவும் எனக்குத் தெரியாது. வார்த்தை கொடுத்திருக்கிறேன். வீடும் இருக்கிறது. இரண்டில் எதை இழந்தால் எனக்குத் தூக்கம் போகும் என்று மதியத்திலிருந்து யோசிக்கிறேன். உன் கேள்வியைத்தான் வேறு மாதிரி கேட்டுக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது. எரிச்சலாக இருக்கிறது.

நீ கடைசி நேரத்தில் வராமல் போய்விடுவாய் என்று இன்னும் நம்புகிறேன்.


மார்ச் 27

இதை உன் கையில் கொடுக்கவில்லை. தபாலில் அனுப்புகிறேன். இன்று நடந்ததை நீ வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிவாய் என்பதால், நடந்தபடியே எழுதிவைக்கிறேன்.

எனக்கு முன்பே நீ வந்திருந்தாய். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அக்குளில் அதற்குள் நனைந்திருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்பதாம் மாடியில் இரண்டு ஊசிகள் ஒட்டினாற்போல் நின்றன. என்னைப் பார்த்ததும் உன் உதவியாளர் வாயைத் திறந்தவள் மூடவில்லை. முதலாளி எழுந்து, "வாங்கம்மா, ஓரத்துக்கே போய் நின்னீங்களாமே!" என்றார். அவருக்கும் விஷயம் போயிருந்தது.

வக்கீல் பத்திரத்தை வாசித்தார். நீ முதலில் போட்டாய். அரைப் பக்கத்துக்குச் சுழித்துப் போடும் உன் கையெழுத்து எறும்பு மாதிரி ஓரத்தில் ஊர்ந்தது. பிறகு பக்கம் திருப்பி என் பக்கம் நகர்த்தினாய். முதலாளிக்குப் போன் வந்தது, ஜன்னலோரம் போனார். வக்கீல் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கே போட வேண்டும் என்று காட்டுவது போல் குனிந்தாய்.

"போட்டுடாதேக்கா."

காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தேன்.

"நீ போடமாட்டேன்னு நெனச்சுதான் குத்துனேன். போடாதே. அந்த ஒன்பதாம் மாடி எப்ப வரும்னு எனக்கே தெரியாது. வருமான்னே தெரியாது."

"எனக்கு விக்கும்போது தெரியலையாடா?"

"நீ தாங்குவேக்கா. நான் தாங்க மாட்டேன்."

இதைச் சொல்லும்போது உன் விரல் பத்திரத்தில் சரியான இடத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. அதற்காக உன்னைப் பாராட்டத்தான் வேண்டும்.

"நான் பின்வாங்கினா வேலை போயிடும். நீ போடலைன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உன்னைப் பத்தி எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கேன்."

பேனாவின் மூடியைத் திறந்தேன். அது உனக்கு நினைவிருக்கும். உன் முகத்தில் ரத்தம் இல்லை. ஒரு கையெழுத்தில் உன்னை அந்த ஒன்பதாம் மாடியில் ஏற்றிவிட முடியும், வாழ்நாள் முழுக்க. பக்கத்து வீட்டில் நானும் இருப்பேன். அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே.

முதலாளி திரும்பி வந்தார். மூடியைப் போட்டேன்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

முதலாளி உன்னைப் பார்த்தார். பிறகு நீ ஆரம்பித்தாய். "நான் அப்பவே சொன்னேன் சார், எங்கக்கா எப்பவுமே இப்படித்தான். எழுதிக் குடுத்துட்டுப் பின்வாங்குற ஆளு! எங்கப்பாவே பேர் வெச்சுட்டுப் போயிருக்கார்!" நீ இவ்வளவு நன்றாகத் திட்டுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நடுவில் உன் குரல் உடைந்ததை அவர்கள் கோபம் என்று எடுத்துக்கொண்டார்கள். முதலாளி உன் தோளில் தட்டினார். "விடுப்பா. அக்காவுக்கு ரிஸ்க் ஒத்துக்காது. உன் துணிச்சல் எல்லாருக்கும் வருமா?" என்றார். உன் உதவியாளர் என்னைப் பார்த்தாள். நான்தான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

அவரே கண்ணாடிப் பெட்டியைத் திறந்து இரண்டு ஊசிகளையும் பிடுங்கினார். எறியவில்லை, ஊசி டப்பாவில் போட்டு மூடினார். ஒன்பதாம் மாடியில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன, போய்ப் பார்த்துக்கொள். வெளியே வந்தபோது நீ வாசல் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தாய். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ, அதனால் நல்லதுதான்.

நான் தாங்குவேன் என்றாய். இத்தனை வருடமும் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிக்கொண்டு உள்ளுக்குள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாயா? அந்த நினைப்பில்தான் என்னை அங்கே ஏற்றப் பார்த்தாயா? இதை நான் மன்னிக்கப் போவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கீழே போய் மருந்துக்கடைக்காரரிடம் பின்பக்க அறையைக் காலி செய்யச் சொன்னேன். ஏன் என்றார். சொன்னேன். கல்லாவைப் பூட்டினார். பிறகு மேலே வந்து அலமாரியை நகர்த்த ஒரு கை கொடுத்தார். விரிசலில் என் சுண்டுவிரல் முதல் கணு வரை நுழைந்தது. நீ பார்த்தபோது இவ்வளவு இருந்ததா என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்.

கட்டடப் பொறியாளர் திங்கட்கிழமை காலை வருகிறார். சுவரில் பாதி உன்னுடையது. மேலே வரை அளக்க வேண்டும் என்றார். ஏணியில் நான் ஏறுகிறேன். நீ கீழே நின்று பிடித்துக்கொள்.

அக்கா